ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை... ஆனாலும் நெஞ்சு வலிக்கிறது! பெரிய டாக்டரிடம் என்ன கேட்பது?

‘‘ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துட்டாங்க. அடைப்பு எதுவும் இல்ல, பயப்படாம போங்கன்னு அனுப்பிட்டாங்க. ஆனா, தண்ணிக்குடத்தைத் தூக்கிட்டு மேட்டுல ஏறுனா நெஞ்சு பிசையுது. மறுபடியும் பெரிய டாக்டரைப் பார்க்கலாம்னா, போய் என்னன்னு கேக்குறது?’’

கிராமத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, டோக்கன் போட்டு, அரை நாள் காத்திருந்து உள்ளே போனால் டாக்டருடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் ‘நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு, கேஸ் மாத்திரைச் சீட்டோடு திரும்புகிறவர்கள் பலர். டாக்டர் மீதும் முழுப் பழியைப் போட முடியாது. எளிதில் பிடிபடாத நெஞ்சுவலியைக் கண்டுபிடிக்கப் பாதி வழி காட்டுவது நோயாளி சொல்லும் விவரம்தான். அந்த விவரத்தையும் கேள்விகளையும் வீட்டிலேயே தயார் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு விஷயம். ஓய்வெடுத்தும் 10, 15 நிமிடங்களில் குறையாத நெஞ்சுவலி, குப்பென்று வியர்த்தல், மூச்சுத் திணறல், மயக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி... இவற்றில் எது வந்தாலும் கேள்வி எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ‘போன மாசம்தான் ஆஞ்சியோ நார்மல்னு சொன்னாங்களே’ என்று வீட்டில் படுத்திருக்கவும் கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகக்கூட மாரடைப்பு வரலாம். அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கேயும் முதலுதவி கிடைக்கும். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

மெயின் பைப்பும் டிரிப்பரும்

ஆஞ்சியோகிராம் என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படம். பெரிய குழாய்களில் அடைப்பு இருந்தால் தெளிவாகக் காட்டிவிடும். ஆனால், அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய நுண்குழாய்கள் அதில் தனித்தனியாகத் தெரியாது. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மெயின் பைப்பில் தண்ணீர் பாய்கிறது, சப்-மெயினிலும் பாய்கிறது. ஆனால், டிரிப்பரில் உப்பு கட்டியிருந்தால் செடி வாடத்தானே செய்யும்? அதேபோல இதயத்தின் நுண்குழாய்கள் தேவைக்கேற்ப விரிந்துகொடுக்காவிட்டால், வேலை செய்யும்போது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வலி வரும். இதற்கு ‘மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா’ என்று பெயர். மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதற்குப் பிறகும் உள்ள பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வேலையை நிறுத்தி உட்கார்ந்த பிறகும் வலி சற்று நேரம் நீடிக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. குழாயில் அடைப்பே இருக்காது. திடீரென்று குழாயின் சுவர் இறுகிச் சுருங்கிக்கொள்ளும், சில நிமிடங்களில் தானாகவே விடுபடும். தண்ணீர் போகிற ஓஸை யாரோ மிதித்துவிட்டுக் காலை எடுத்ததைப் போல. மெக்கானிக் வந்து பார்க்கும்போது தண்ணீர் நன்றாகத்தான் வரும்! இந்த வலி பெரும்பாலும் ஓய்வில் இருக்கும்போது, நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் வரும். அமெரிக்க மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல் 1959-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே ‘பிரின்ஸ்மெட்டல் ஆஞ்சைனா’ என்பார்கள். ‘வேஸோஸ்பாஸ்டிக் ஆஞ்சைனா’ என்பது இன்னொரு பெயர். பீடி, சிகரெட் இதற்கு முக்கியமான தூண்டுகோல்.

இவையெல்லாம் லட்சத்தில் ஒருவருக்கு வருபவை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 4 லட்சம் பேரின் ஆஞ்சியோ முடிவுகளை வைத்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், 10-ல் 4 பேருக்கு அடைப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த 4 பேருக்கும் நுண்குழாய்ப் பிரச்னை என்று பொருளில்லை. உணவுக்குழாய், நெஞ்சு எலும்பு, தசை என்று வேறு காரணங்களும் அதில் அடக்கம். ஆனால், ‘அடைப்பு இல்லை’ என்பது விசாரணையின் பாதிவழிதான்.

‘கேஸ்’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது

நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர் ‘கேஸ்’. கொஞ்சம் பெரியவர்கள் ‘வாயுக்குத்து’ என்பார்கள். டாக்டரிடம் போய், ‘கேஸ் ட்ரபுளுங்க’ என்று ஆரம்பித்தால், நோயின் பெயரை நாமே சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அதையே எழுதிக்கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

வலிக்குத் தமிழில் சொற்களுக்கா பஞ்சம்? அழுத்துகிறது, அடைக்கிறது, பிசைகிறது, கனக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது, குத்துகிறது, சுருக் சுருக்கென்கிறது, எரிகிறது, இழுக்கிறது... ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒவ்வொரு சேதி சொல்லும். அழுத்தல், அடைப்பு, பாரம், இறுக்கம் என்றால் இதயத்தின் பக்கம் சந்தேகம் கூடும். ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, ‘இங்கே அழுத்தினால் வலிக்கிறது’ என்றால் நெஞ்செலும்பு, தசையின் பக்கம் போகும். முதுகில் ஸ்பிரேயர் டேங்க் சுமக்கிறவர்களுக்கு இப்படித் தசைவலி வருவது சகஜம். மூச்சை இழுத்தால் குத்தி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற வலி, இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சியாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்தால் எரிந்து, புளித்த ஏப்பம் வந்தால் இரைப்பை அமிலம். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி.

இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட முடியாது. மாரடைப்பே வயிற்று எரிச்சல் வேஷத்தில் வருவதுண்டு. ஆனால், எந்தச் சொல் உங்கள் வலிக்குப் பொருந்துகிறதோ, அந்தச் சொல்லை அப்படியே சொல்லுங்கள். ‘செஸ்ட் பெயின்’ என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வலி நோட்டு

பால் சொசைட்டியில் எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று தினமும் கணக்கு வைக்கிற வீட்டில், வலிக்கு ஒரு கணக்கு வைப்பது சிரமமில்லை. 40 பக்க நோட்டு ஒன்று போதும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதித் தரலாம். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு வாரமாவது எழுத வேண்டும். வலி அடிக்கடி வந்தாலோ, முன்பைவிடக் கூடினாலோ நோட்டு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு நாள் கணக்கோடு கிளம்பிவிடலாம்.

எப்படி எழுதுவது? ‘செவ்வாய். காலை 5 மணி. தூக்கத்தில் இருந்து எழுப்பியது. நடுநெஞ்சில் இறுக்கம், தாடை வரை. எட்டு நிமிடம். எழுந்து உட்கார்ந்தேன், தானாகப் போனது.’ ‘வெள்ளி. பகல் 11 மணி. தீவனக்கட்டு சுமந்து வாய்க்கால் மேடு ஏறும்போது. நின்றேன். 20 நிமிடம் கழித்துத்தான் குறைந்தது. வியர்வை இல்லை.’ இவ்வளவுதான். இந்த இரண்டு குறிப்புகளையும் படிக்கிற இதயநோய் நிபுணர், முதல் வலி இறுக்க வகையாக இருக்குமோ, இரண்டாவது நுண்குழாய் வகையோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும்.

நகரத்து டாக்டர், ‘எத்தனை மாடி ஏறினால் வலிக்கிறது?’ என்று கேட்பார். மாடியே இல்லாத வீட்டில் இருப்பவர் என்ன பதில் சொல்வார்? உங்கள் வேலையை வைத்தே அளவு சொல்லுங்கள். ‘போன வருசம் 50 கிலோ மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பேன். பொங்கலுக்குப் பிறகு அரை மூட்டைக்கே நிற்க வேண்டியிருக்கிறது.’ ‘கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு முன்பு நிற்காமல் நடப்பேன், இப்போது வழியில் இரண்டு தடவை நிற்கிறேன்.’ எவ்வளவு வேலைக்கு வலிக்கிறது, அது எப்போதிலிருந்து மாறியது என்பது எந்த டெஸ்டிலும் கிடைக்காத தகவல்.

நோட்டில் இன்னும் சில விஷயங்கள் ஏற வேண்டும். அன்றைக்குப் பூச்சிமருந்து அடித்தீர்களா? ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உடம்பில் ஏறினால் நெஞ்சு இறுக்கம், அதிக வியர்வை, இதயத்துடிப்பு குறைதல் எல்லாம் வரும். மருந்தின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை, ஒற்றைத் தலைவலி மாத்திரை, நாட்டு மருந்து, பீடி, புகையிலை, மது... எதையும் மறைக்க வேண்டாம். வலிநிவாரணி மாத்திரைகள் வயிற்றில் புண்ணும் உண்டாக்கும், இதயத்துக்கும் ஆபத்து கூட்டும். சில தலைவலி மாத்திரைகள் இதயக் குழாயையே இறுகச் செய்யும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பழைய சீட்டுகள் அனைத்தும், தேதி வரிசையில். டிஸ்சார்ஜ் சம்மரி. எக்கோ, டிரெட்மில் முடிவுகள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு அளவுகள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் நெஞ்சுவலியைக் கூட்டும். ரத்தசோகை அதிகமுள்ள நம் பெண்கள் விஷயத்தில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகளையே கொண்டுபோய்விடுங்கள். ‘வெள்ளை மாத்திரை ஒண்ணு, சின்ன மஞ்சள் ஒண்ணு’ என்று சொல்வதில் பயனில்லை.

ஆஞ்சியோ எடுத்தவர்கள் காகித ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல், அந்தப் படப்பதிவு உள்ள சி.டி-யையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது டாக்டர் படத்தையே பார்க்க முடிந்தால், மறுபடியும் எடுக்கிற செலவு மிச்சமாகலாம். இ.சி.ஜி காகிதம் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வகை. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தால் மங்கிப் போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள்.

வலி இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி தங்கத்துக்குச் சமம். வலி போன பிறகு எடுத்தால், பிரச்னை உள்ளவருக்கும் நார்மலாக வரலாம். வலி வரும் நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ எட்டும் தூரத்தில் இருந்தால், துணையோடு போய் இ.சி.ஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பத்துக் கேள்வி எழுதிப் போனாலும் மூன்றுக்குத்தான் நேரம் இருக்கும். அதனால் முக்கியமானதை மேலே எழுதுங்கள். பேச்சை ஆரம்பிக்கும் முதல் வாக்கியத்தையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆறு மாசமா, வாரத்துக்கு மூணு தடவை, வேலை செஞ்சா நெஞ்சு அழுத்துதுங்க. ஆஞ்சியோவுல அடைப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. வலி எப்படி வருதுன்னு எழுதிட்டு வந்திருக்கேன்.’ பத்து விநாடிதான் ஆகும்.

முதல் கேள்வி, பழைய ரிப்போர்ட்டைப் பற்றியதாக இருக்கட்டும். ‘குழாய் முழுக்கச் சுத்தமா இருக்குங்களா, இல்ல கொஞ்சம் கொழுப்புப் படிவு இருக்குங்களா?’ ஸ்டென்ட் வைக்கும் அளவுக்கு அடைப்பு இல்லை என்பதையும் சில சமயம் ‘நார்மல்’ என்றே சொல்லிவிடுவார்கள். லேசான படிவு இருந்தால்கூடக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தேவையா என்று பேச வேண்டும். ‘நார்மல்’ என்று கேட்டுவிட்டு எல்லா மாத்திரையையும் நிறுத்தியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியைத் தயங்காமல் பெயர் சொல்லியே கேட்கலாம். ‘இது மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனாவா, குழாய் இறுகுறதா இருக்குமாங்க? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?’ ஆஞ்சியோ செய்யும்போதே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையும், அசிட்டைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்தி குழாய் இறுகுகிறதா என்று பார்க்கும் முறையும் இருக்கின்றன. இதயத்துக்கான எம்.ஆர்.ஐ, பெட் ஸ்கேன் மூலமும் நுண்குழாய் ஓட்டத்தைக் கணிக்கலாம். இந்த வசதிகள் எல்லா ஊரிலும் கிடையாது, செலவும் உண்டு. ஆகவே கூடவே இதையும் கேளுங்கள்: ‘இந்த டெஸ்ட் எடுத்தா எனக்குக் குடுக்குற வைத்தியம் மாறுமாங்க? இல்ல, டெஸ்ட் இல்லாமலே மருந்து குடுத்துப் பார்க்கலாமா?’ பல நேரங்களில் மருந்து கொடுத்துச் சில வாரம் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். அப்படியானால் எத்தனை வாரம், குறையாவிட்டால் அடுத்து என்ன என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

டெஸ்டுக்குப் பலன் இல்லாமலும் இல்லை. ஸ்காட்லாந்தில் இப்படி அடைப்பில்லாத வலி உள்ள 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. எந்த வகை வலி என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற மருந்து பெற்றவர்களுக்கு, வழக்கமான வைத்தியம் பெற்றவர்களைவிட ஆறு மாதத்தில் வலியின் தொல்லை குறைந்திருந்தது. வகை தெரிவது ஏன் முக்கியம் என்றால், மருந்து வேறுபடுகிறது. வேலை செய்யும்போது வரும் நுண்குழாய் வலிக்குப் பலருக்கு உதவும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், குழாய் இறுகும் வகையில் சிலருக்கு வலியைக் கூட்டிவிடலாம். குறிப்பாக பிராப்ரனலால் போன்றவை. இறுக்க வகைக்கு டில்டியாசெம், அம்லோடிபின் போன்ற கால்சியம் சேனல் பிளாக்கர்கள்தான் பெரும்பாலும் முதல் தேர்வு. அதற்காக இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ‘நான் சாப்பிடுற பி.பி மாத்திரை இந்த வலிக்கு ஒத்துக்குமாங்க?’ என்று கேளுங்கள், போதும்.

அடுத்தது சார்பிட்ரேட். நாக்கின் அடியில் வைக்கும் இந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போடும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுந்துவிடலாம். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டிருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ‘எனக்கு இது தேவையா, எத்தனை போடலாம், எத்தனை நிமிசத்துல குறையலைன்னா 108 கூப்பிடணும்?’ என்பதை டாக்டர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போடும்போது உட்கார்ந்துகொண்டே போட வேண்டும். இன்னொன்று: சார்பிட்ரேட்டில் வலி குறைந்தால் அது இதயவலிதான் என்று முடிவு கட்ட முடியாது. உணவுக்குழாய் இறுக்கமும் அதில் குறையும்.

‘இதயம் இல்லைன்னா, அடுத்து யாரைப் பார்க்கணுங்க?’ இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ‘ஹார்ட்ல ஒண்ணுமில்ல’ என்றதும் எழுந்து வந்துவிடுகிறார்கள். இரைப்பை மருத்துவரா, எலும்பு மருத்துவரா, நுரையீரல் மருத்துவரா என்று ஒரு வழி கேட்டு வாங்கினால்தான் அடுத்த ஆறு மாத அலைச்சல் குறையும்.

விவசாயிகளுக்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. டாக்டருக்கு இவை தோன்றாது. நாம்தான் கேட்க வேண்டும். ‘ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது மோட்டார் போடத் தனியாப் போகலாமா? மரம் ஏறலாமா? கிணத்துல இறங்கலாமா? மருந்து அடிக்கலாமா? எவ்வளவு எடை தூக்கலாம்?’ ‘வேலையைக் குறைச்சுக்கோங்க’ என்ற பொதுவான பதிலோடு விட்டுவிட வேண்டாம். எந்த வேலை, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். எல்லா வேலையையும் நிறுத்திப் படுத்துவிடுவதும் சரியில்லை. பலருக்கு, டாக்டர் சொல்லும் அளவில் தினமும் நடப்பது மருந்தோடு சேர்ந்து நன்மை செய்யும்.

யார் கூடப் போவது?

தனியாகப் போக வேண்டாம். டாக்டர் சொல்வதை இரண்டு காதுகள் கேட்பதைவிட நான்கு காதுகள் கேட்பது மேல். ஆனால், கூடப் போகிறவர் நோயாளிக்குப் பதிலாகப் பேசக் கூடாது. மனைவிக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்க, கணவர் பதில் சொல்வது நம் ஊர் மருத்துவமனைகளில் சாதாரணக் காட்சி. ‘இவ எப்பவும் இப்படித்தாங்க, எதையாவது நெனச்சு கவலைப்பட்டுட்டே இருப்பா’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும், வலி மனக்கவலையாகிவிடும். மனஅழுத்தமும் பதற்றமும் நெஞ்சுவலி தரும் என்பது உண்மைதான். மனஅழுத்தம் நுண்குழாய் வலியையும் தூண்டும் என்பதும் உண்மை. அதனால், ‘மனசுதான் காரணம்’ என்று சொல்லப்பட்டால், ‘சரிங்க டாக்டர், வேற எதை எல்லாம் இல்லைன்னு முடிவு பண்ணீங்க?’ என்று பணிவாகக் கேட்கலாம். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எழுதி வைத்த கேள்விக்குப் பெரும்பாலான டாக்டர்கள் பதில் சொல்லவே செய்வார்கள். கோபித்துக்கொள்கிறவராக இருந்தால், வேறு டாக்டரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதயநோய்ப் பிரிவு எந்தக் கிழமைகளில் புறநோயாளிகளைப் பார்க்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் வீணாகாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே பணம் கிடைக்கும். டாக்டர் எழுதிய டெஸ்டின் பெயரைக் காட்டி, அது பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சந்தேகங்களுக்கு 104 என்ற இலவச எண்ணையும் அழைக்கலாம். பி.பி, சர்க்கரை மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. அவற்றைத் தவறாமல் சாப்பிடுவதும் இந்த வலிக்கான வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

அறையை விட்டு வெளியே வருவதற்கு முன், டாக்டர் சொன்னதை ஒரு தடவை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். ‘இந்த மாத்திரை காலையில ஒண்ணு, இது வலி வந்தா மட்டும், ஒரு மாசம் கழிச்சு வரணும், சரிங்களா?’ தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். வீட்டுக்கு வந்ததும் புது மாத்திரை தொடங்கிய தேதியை நோட்டில் ஒரு கோடு போட்டுக் குறித்துவிட்டு, வலிக் கணக்கைத் தொடர்ந்து எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது, கோட்டுக்கு மேலே வாரத்துக்கு எத்தனை தடவை, கீழே எத்தனை தடவை என்று காட்டினால், மருந்து வேலை செய்கிறதா என்று டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.